மணக்குடி காயல் சொல்லும் பாசிக் கணக்கு

கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்ப்பவர்களை அலுக்க வைப்பது பாசி. இன்று துடைத்தால் நாளை மறுநாள் திரும்ப வந்து நிற்கும். அது எங்கிருந்து வருகிறது என்பதற்கான விடை, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு ஆற்றங்கரையோடு நடந்தால் கிடைத்துவிடும்.

வயலில் தொடங்கும் பயணம்

சுருளகோடு பக்கம் தொடங்குகிறது பழையாறு. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு ஊடே இறங்கி, நாகர்கோவிலை ஒட்டிப் போய், சுசீந்திரம் கோயிலைக் கடந்து மணக்குடியில் கடலைச் சேர்கிறது. 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும் பெருஞ்சாணி அணையும் நிறைந்தால், கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு போகமும் இந்த வயல்களில் நெல் நிற்கும்.

நெல்லுக்குப் போடும் யூரியாவிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம். 45 கிலோ மூட்டை ஒன்றில் 20.7 கிலோ தழைச்சத்து இருக்கிறது. இதில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பாதிக்கும் குறைவுதான். மீதியில் ஒரு பங்கு காற்றில் போகிறது. இன்னொரு பங்கு, வடிகால் வழியாக நீரோடு இறங்குகிறது. போகிற வழியில் வீட்டுக் கழிவுநீரும் சோப்பு நீரும் அதோடு சேர்ந்துகொள்கின்றன.

சத்து போகும் பாதையைக் கண்ணாலேயே பார்க்கலாம். குளங்களிலும் ஆற்றின் தேங்கிய பகுதிகளிலும் ஆகாயத்தாமரை அடர்ந்து கிடப்பதே அதற்கு அடையாளம். 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம்-தேரூர் ஈரநிலங்களும் இந்த வயல்வெளிக்கு நடுவில்தான் இருக்கின்றன. பறவைகள் இறங்கும் அதே தண்ணீர்தான் உர நீருக்கும் வடிகால்.

பொழி அடைந்தால் பச்சை

மணக்குடியில் ஆறு அகன்று காயலாகிறது. ஒரு கரையில் கீழமணக்குடி, மறு கரையில் மேலமணக்குடி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இங்கிருந்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது. இப்போது புதிய பாலத்தில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் அலையாத்திச் செடிகள், மறுபக்கம் பொழிமுகம்.

மழை குறைந்து ஆற்றில் வேகம் இல்லாதபோது, அலை கொண்டுவரும் மணல் பொழியை அடைத்துவிடும். அப்போது காயல் ஒரு மூடிய தொட்டி. மேலிருந்து சத்து வந்துகொண்டே இருக்கும். வெளியே போக வழி இருக்காது. வெயிலும் அடிக்கும். ஓரங்களில் பச்சைப் பாசி நூல் நூலாகப் படர்வதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பொழி உடைந்து கடல்நீர் ஏறி இறங்கத் தொடங்கியதும் தண்ணீர் மாறுகிறது, பாசியும் கலைகிறது.

பாசியைப் பகையாகவே பார்க்கவும் கூடாது. தென்மேற்குப் பருவக்காலத்தில் இந்தக் கரைக்கு அப்பால் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து சத்தைக் கொண்டுவருகிறது. அதில் பெருகும் நுண்பாசிதான் சாளையும் அயிலையும் கொழுப்பதற்கு அடிப்படை. பாசி என்பது சத்து இருக்கிறது என்பதற்கான ரசீது. தின்ன ஆள் இருந்தால் அது மீனாகும். ஆள் இல்லாவிட்டால் தொல்லையாகும்.

உப்பளத்துப் பாடம்

காயலைச் சுற்றி சாமிதோப்பு, புத்தளம் பக்கங்களில் உப்பளங்கள் உண்டு. பாசியோடு கணக்கு வைத்துக்கொண்டே தொழில் நடத்தும் இடம் உப்பளம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். தெப்பத்தில் ஏற்றிய நீர் வெயிலில் வற்ற வற்ற அடர்த்தி ஏறும். சுமார் 25 டிகிரி போமே வரும்போது பாத்தியில் உப்பு இறங்கத் தொடங்கும். 29, 30-ஐத் தாண்டினால் மக்னீசியம் கலந்த கசப்பு நீராகிவிடும். அதை வெளியேற்ற வேண்டும்.

இந்த ஏணியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு உயிர் இருக்கிறது. உப்பு குறைந்த தெப்பங்களில் பச்சைப் பாசியும் சிறு மீன்களும். அடுத்த படியில் தரையோடு தோல் போல் ஒட்டும் நீலப்பச்சைப் பாசி. அதற்கு மேல், மீனால் தாங்க முடியாத உவர்நீரில் ஆர்டீமியா என்னும் உப்புநீர் இறால். கடைசியில் பாத்தியைச் செந்நிறமாக்கும் டுனாலியெல்லா பாசியும் உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும்.

தரையோடு ஒட்டிய பாசித்தோல் நல்லது. நீர் கசியாமல் பார்த்துக்கொள்ளும். நீரைச் செந்நிறமாக்கும் உயிர்களும் நல்லவை. வெயிலின் சூட்டை வாங்கி ஆவியாவதை விரைவாக்கும். ஆனால், உள்ளே வரும் நீரில் சத்து மிகுந்துவிட்டால் நிலைமை மாறும். சில பாசிகள் வழவழப்பான பசையை விடும். நீர் கெட்டிப்படும், ஆவியாவது குறையும், உப்பு மணியும் பொடிப்பொடியாகும். பாசித்தோல் பெயர்ந்து மிதந்து அழுகும். ஆர்டீமியா நிறைந்த தெப்பத்தில் இந்தத் தொல்லை குறைவு. மிதக்கும் நுண்பாசியை அது வடிகட்டித் தின்றுவிடும்.

ஆக, உப்பளத்தின் முறை மூன்று: உள்ளே வரும் நீரைக் கவனிப்பது, தின்னும் உயிரை வைத்திருப்பது, கெட்ட நீரை வெளியேற்றுவது. பாசியைக் கொல்லும் மருந்து இந்தப் பட்டியலில் இல்லை.

கண்ணாடித் தொட்டிக்குள்

கூடத்தில் இருக்கும் 100 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, பொழி அடைந்த காயல்தான். அங்கே யூரியா இல்லை. மீன் தீவனம் இருக்கிறது. 45 சதவிகிதம் புரதமுள்ள தீவனம் 10 கிராமில் சுமார் 0.7 கிராம் தழைச்சத்து இருக்கும். அது முழுதும் நைட்ரேட்டாக மாறினால், 100 லிட்டரில் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஏறும். ஒரு பங்கு மீனின் உடலில் தங்கும் என்றாலும், மீதி வெளியே போக வழி இல்லை. கூடவே தீவனத்தின் மணிச்சத்தும் சேரும்.

* பாசியைப் பார்த்து இனம் காண வேண்டும். புதுத் தொட்டியில் முதல் வாரங்களில் படியும் பழுப்புப் படலம் பெரும்பாலும் தானே அடங்கும். பச்சை முடி போல் வளர்வது சத்தும் வெளிச்சமும் மிகுந்ததன் அடையாளம். மணல்மேல் செம்போர்வையாகப் படர்வது நீலப்பச்சைப் பாசி இனம். நெல் வயலில் தழைச்சத்துக்காகத் தூவுகிறோமே, அதன் உறவுக்காரன்தான். இந்த இனத்தில் சில காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் நைட்ரேட்டை மட்டும் குறைத்தால் போதாது. மணிச்சத்தையும் குறைக்க வேண்டும்.

* ஆவியான நீருக்கு நன்னீரே ஊற்ற வேண்டும். உப்பளத்தைப் போலவே நீர் மட்டும்தான் போகிறது, உப்பு தங்குகிறது. 3 லிட்டர் குறைந்ததற்குக் கடல்நீரையே ஊற்றினால் 105 கிராம் உப்பு கூடுதலாகிவிடும். ஆர்.ஓ. நீர் நல்லது. ஆழ்துளைக் கிணற்று நீரில் நைட்ரேட்டும் சிலிக்காவும் வரலாம். அவையும் பாசிக்குத் தீனி.

* காயலிலோ பொழிமுகத்திலோ தொட்டிக்கு நீர் எடுக்கக் கூடாது. மேலே சொன்ன வயல் உரம் முழுவதும் அதில் இருக்கிறது. மழை ஓய்ந்த தெளிந்த நாளில், ஆற்று வாயிலிருந்து விலகிய இடத்தில் எடுத்து, வடிகட்டி, இருட்டில் மூடி வைத்துப் பயன்படுத்தலாம்.

* தீவனத்தை மீன் சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே போட வேண்டும். விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். சன்னல் வெயில் படவே கூடாது.

* பாசியைக் கையால் எடுத்து வெளியே போட வேண்டும். கிழித்து நீரிலேயே விட்டால் அழுகி, அதே சத்து திரும்பக் கிடைக்கும். எடுத்த கையோடு 10 சதவிகித நீரை மாற்றலாம். வாரம் ஒரு முறை இப்படிச் செய்வது, பொழியை நாமே வெட்டிவிடுவதற்குச் சமம்.

* தின்னும் உயிர் வேண்டும். பாசி மேயும் கடல் நத்தைகள் நல்ல வேலைக்காரர்கள். தனி அறையில் கீட்டோமார்ஃபா போன்ற பச்சைப் பாசியை விளக்கு வைத்து வளர்த்து அறுவடை செய்தால், சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். தொல்லைப் பாசிக்குப் பங்கு குறையும்.

செம்பு கலந்த பாசிக்கொல்லியைத் தொடவே வேண்டாம். பாசி சாவதற்கு முன்பே நத்தையும் இறாலும் செத்துவிடும். அழகுக்காகப் பவளத்தையோ கடல்குதிரையையோ கடலிலிருந்து எடுத்து வருவதும் கூடாது. அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுபவை.

இவற்றைத் தொடங்கிய மறுநாளே தொட்டி தெளியாது. ஏற்கெனவே மணலிலும் கல்லிலும் படிந்த சத்து தீரும்வரை சில வாரங்கள் பாசி வந்துகொண்டுதான் இருக்கும். அந்த இடைவெளியில் பொறுமை இழந்து மருந்து ஊற்றுபவர்கள்தான் அதிகம்.

மணக்குடிப் பாலத்தில் நிற்பவருக்கு இன்னொன்றும் தோன்றும். தொட்டிக்காரர் தீவனத்தைக் குறைத்துத் தன் 100 லிட்டரைக் காப்பாற்றிவிடலாம். காயலின் தீவனப் பை பழையாற்றின் இரு கரையிலும் பலர் கையில் இருக்கிறது. யூரியாவை ஒரே தடவையில் வீசாமல் பிரித்துப் போடுவதும், உரமிட்ட கையோடு வாமடையைத் திறந்துவிடாமல் இருப்பதும் முதலில் உழவரின் பணத்தைக் காக்கும். பிறகு, கீழே இருக்கும் காயலையும் உப்புப் பாத்தியையும் காக்கும்.