1,84,756 வழிகள் இருந்த தோப்பு

"அக்கா, முழிச்சிருக்கியா?"

ராத்திரி 11.40-க்கு தங்கச்சி போன் செய்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவளுக்கு அந்த நேரத்து அழைப்பெல்லாம் அலுவலகத்திலிருந்துதான் வரும். வீட்டிலிருந்து வந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

"டெஸ்ட்டு போச்சுக்கா" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. அழுகிறாள் என்று தெரிந்தது.

அவள் பொறியியல் இறுதி ஆண்டு. அன்றைக்கு ஒரு கம்பெனியின் கேம்பஸ் தேர்வில் முதல் சுற்று. மூன்று புரோகிராம் எழுத வேண்டும். இரண்டாவது கேள்வி இப்படி: ஒரு நகரத்தின் தெருக்கள் கட்டம் கட்டமாக இருக்கின்றன. வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்குப் போக வேண்டும். கிழக்கே போகலாம், தெற்கே போகலாம், திரும்பி வரக் கூடாது. சில சந்திப்புகள் மூடப்பட்டிருக்கின்றன. மொத்தம் எத்தனை வழி?

"சரியாத்தான் எழுதுனேன். சின்னக் கட்டத்துக்கு விடை வந்துச்சு. பெரிய கட்டம் குடுத்ததும் சுத்திக்கிட்டே இருந்துச்சு. நேரம் முடிஞ்சுபோச்சு."

நான் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸ் செய்து, அதற்குப் பிறகு கணக்கே வேண்டாம் என்று இதழியல் டிப்ளமோவுக்கு ஓடியவள். என்னிடம் கேட்டு என்ன பயன்? ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு எங்கள் தோப்புதான் ஞாபகம் வந்தது.

கோம்பையில் எங்களுக்கு ஒண்ணே முக்கால் ஏக்கர் தென்னந்தோப்பு. தாத்தா 25 அடிக்கு ஒரு கன்று என்று கயிறு பிடித்து வைத்தது. வரிசைக்கு 11 மரம், 11 வரிசை, ஆக 121 மரம். மேற்கே மலை. அந்தப் பக்கம் ராமக்கல்மேடு, கேரளா. மலையை ஒட்டிய மூலையில் மோட்டார் ரூம், எதிர் மூலையில் படல்.

கோடை விடுமுறையில் நானும் அவளும் ஆடிய விளையாட்டு இதுதான். மோட்டார் ரூம் மரத்தைத் தொட்டுக் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டே படல் மரத்துக்குப் போக வேண்டும். கிழக்கேயோ தெற்கேயோ மட்டும்தான். போன வழியில் மறுபடி போகக் கூடாது. போன வழியை எல்லாம் ஒரு நோட்டில் 'கி, கி, தெ, கி...' என்று எழுதிவைப்போம். லீவு முடிவதற்குள் எல்லா வழியையும் நடந்து முடித்துவிடுவோம் என்று அப்பத்தாவிடம் பந்தயம் வேறு கட்டியிருந்தோம்.

"அது நம்ம தோப்பு விளையாட்டுடி" என்றேன். போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு, "அடுத்த டெஸ்ட்டு திங்கக்கெழம. வீட்டுல இருந்தே எழுதலாம். நீ வாயேன்" என்றாள்.

இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். உத்தமபாளையத்தில் இறங்கி, கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் வழியாகப் போடி போகும் பஸ்ஸில் ஏறியபோதுதான் அம்மா போனில் சொன்னார், "அப்பாகிட்ட மரத்தப் பத்திப் பேச்செடுக்காத."

தென்னையில் வேர் வாடல் நோய். கேரளத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது, இப்போது மலையைத் தாண்டித் தேனிப் பக்கமும் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிரி. சாறு உறிஞ்சும் பூச்சிகள் மரத்துக்கு மரம் கொண்டுபோகும். ஓலை துவண்டு, விலா எலும்புபோல உள்பக்கமாக வளையும். காய்ப்பு குறையும். குணப்படுத்த மருந்து கிடையாது. நோய் முற்றி, காய்க்காமல் போன மரத்தை வெட்டி அப்புறப்படுத்துவதுதான் வேளாண்மைத் துறையினர் சொல்லும் வழி. எங்கள் தோப்பில் நட்டநடுவில் மூன்று மரம் அப்படி ஆகிவிட்டது. அப்பா சுண்ணாம்பால் பட்டை போட்டு வைத்திருந்தார். போட்டு ஆறு மாதம். வெட்ட மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலை தங்கச்சியும் நானும் ஒரு தாளில் 121 புள்ளி வைத்தோம்.

முதலில் அவள் எழுதிய புரோகிராம் ஏன் சுற்றியது என்று அவளே விளக்கினாள். அது ஒவ்வொரு வழியாகத் தனித்தனியே நடந்து பார்க்கிறது, நாங்கள் நோட்டில் எழுதிய மாதிரியே. 'பிராஜெக்ட் ஆய்லர்' என்று 2001 முதல் கணக்குப் புதிர்கள் வெளியிடும் ஒரு தளம் இருக்கிறது. அதன் 15-வது புதிர் இதே கணக்குதான். 20-க்கு 20 கட்டம், மூடிய சந்திப்பு எதுவும் கிடையாது. விடை 13,784 கோடியே 65 லட்சத்து 28 ஆயிரத்து 820. கம்ப்யூட்டர் விநாடிக்கு ஒரு கோடி வழி எண்ணினாலும் கிட்டத்தட்ட 4 மணி நேரம் ஆகும். நாம் விநாடிக்கு ஒன்று எண்ணினால் 4,300 வருடத்துக்கும் மேல்.

"அப்ப எப்படித்தான் எண்றது?"

"எண்ணக் கூடாதுக்கா. ஒவ்வொரு மரத்துகிட்டயும் ஒரு தடவதான் கேக்கணும்."

நீங்களும் ஒரு தாளை எடுத்துப் பாருங்கள். ஒரு மரத்துக்கு வருவதானால் வடக்கு மரத்திலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் மேற்கு மரத்திலிருந்து. வேறு வழி இல்லை. ஆகவே அந்த இரண்டு மரத்தின் எண்களைக் கூட்டினால் இந்த மரத்தின் எண். முதல் வரிசைக்கும் முதல் பத்திக்கும் நேராகத்தான் வர முடியும், எல்லாம் 1. இரண்டாவது வரிசை 1, 2, 3, 4. மூன்றாவது 1, 3, 6, 10. நான்காவது 1, 4, 10, 20. அவ்வளவுதான் கணக்கு. 20-க்கு 20 கட்டமாக இருந்தாலும் 400 கூட்டல்தான். அவளுடைய பழைய புரோகிராம் ஒரே மரத்திடம் ஒரே கேள்வியை லட்சம் தடவை கேட்டிருக்கிறது, பதிலை எழுதிவைக்கவில்லை என்பதற்காக.

இந்த எண்களைப் பள்ளியில் 'பாஸ்கல் முக்கோணம்' என்று படித்தோம். பிரெஞ்சுக்காரர் பாஸ்கல் 1654-ல் எழுதினார். அதற்கு பல நூறு வருடம் முன்பே, 10-ஆம் நூற்றாண்டில், பிங்கலரின் யாப்பு நூலுக்கு உரை எழுதிய ஹலாயுதர் இதே அடுக்கை 'மேரு' என்று சொல்லியிருக்கிறார். குறிலும் நெடிலும் எத்தனை விதமாக வரலாம் என்று பார்க்க அது உதவியது. எங்கள் நோட்டிலும் 'கி'யும் 'தெ'யும்தானே!

நகரம் என்று கேள்வியில் வந்ததும் எனக்குப் புதுச்சேரி ஞாபகம். ஒரு செய்திக்காக அங்கே போனபோது, டச்சுக்காரர்கள் 1693-ல் அந்த ஊரைப் பிடித்து, 1699-ல் திருப்பிக் கொடுப்பதற்குள் நேர்நேரான தெருக்களுக்குத் திட்டம் போட்டார்கள் என்று சொன்னார்கள். அங்கே எந்தத் தெருவில் திரும்பினாலும் கடற்கரைக்குப் போய்விடலாம் போலிருக்கும். ஒருவழிப் பாதையில் மாட்டிக்கொள்ளும்வரை.

மாலைக்குள் தாள் நிரம்பியது. படல் மரத்துக்கு வந்த எண் 1,84,756. நாளுக்கு 20 வழி நடந்திருந்தாலும் 25 வருடம் ஆகியிருக்கும். அப்பத்தா சிரித்துக்கொண்டே பந்தயம் கட்டியதன் காரணம் இப்போதுதான் புரிகிறது.

பிறகு தங்கச்சி அந்த மூன்று மரத்தின் மேல் பேனாவால் 0 போட்டாள். தேர்வில் வந்த மூடிய சந்திப்பு அதுதான். அங்கே 0 போட்டுவிட்டு மறுபடி கூட்ட வேண்டும். மூன்று மரமும் நடுவில், மூலைவாட்டமாக அடுத்தடுத்து நிற்கின்றன. கூட்டி முடித்தபோது படல் மரத்தில் 33,052. நாங்கள் தப்பாகக் கூட்டிவிட்டோம் என்று நினைத்தேன். லேப்டாப்பில் பைத்தானில் எழுதிப் பார்த்தாள். அதே 33,052. 121 மரத்தில் மூன்று போனால் 1,51,704 வழிகள் போகின்றன. வடகிழக்கு மூலை மரம் போனால் ஒரே ஒரு வழிதான் போகும்.

நான் உற்சாகத்தில் அம்மா சொன்னதை மறந்து, தாளோடு அப்பாவிடம் போய்விட்டேன்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வழி போனாப் போகுது தாயி. காய் எத்தன போகும், அதச் சொல்லு."

நாங்கள் பேசாமல் நின்றோம்.

அவரே சொன்னார். "ஒண்ணும் போகாது. போன வருசத்துலருந்தே அதுகள்ல காய் இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "இதுல பக்கத்து மரத்துக்கு எப்படிப் போகும்னு போட்டிருக்கா?" என்று கேட்டார்.

போடவில்லை. பூச்சி கிழக்கே, தெற்கே என்று பார்த்துப் பறக்காது என்று தங்கச்சி சொன்னாள். "அப்ப நாலு பக்கமும்" என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை காலை ஆள் வந்து மூன்று மரத்தையும் வெட்டினார்கள். அப்பா வீட்டிலேயே இருந்துகொண்டார். நான்தான் போய் நின்றேன். மரம் விழும் சத்தம் படல் வரைக்கும் அதிர்ந்தது.

திங்கட்கிழமை தேர்வுக்கு மொட்டை மாடியில்தான் சிக்னல் கிடைத்தது. அம்மா குடை பிடித்துக்கொண்டு நின்றார். லேப்டாப்புக்குத்தான், மகளுக்கு இல்லை. வழிக் கணக்கு வரவில்லை. சில்லறை கொடுப்பது பற்றி ஒரு கேள்வி, அதுவும் பதிலை எழுதிவைத்துக் கூட்டும் ரகம்தான் என்றாள். மூன்றில் இரண்டு முடித்தாள். முடிவு இன்னும் வரவில்லை. கல்விக் கடன் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

ஊருக்குக் கிளம்பும் முன் பரணில் அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். 143 வழி எழுதியிருக்கிறோம். பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். 38-வதும் 97-வதும் ஒரே வழி. ஆக, நடந்தது 142.