'டயா' என்னும் சிறு சொல்

தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலரிலே ஆங்கிலச் சொற்களைப் பற்றி எழுதப் புகுவது பெற்றோர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எமது மேல்வகுப்பு மாணவர் வாரத்தில் ஐந்து நாள்கள் ஆங்கிலத்திலேயே பயில்கின்றனர். எம்மிடம் அவர்கள் இருப்பது சனிக்கிழமை காலையில் சில மணி நேரமே. அவர்கள் கையில் உள்ள சொல்லைப் பிடித்துக்கொண்டே எமது சொல்லுக்கு அவர்களை அழைத்து வருதல் எளிது என்பது என் பட்டறிவு. அவ்வாறு சென்ற தவணையில் நாம் எடுத்துக்கொண்டது 'டயா' என்னும் கிரேக்க முன்னொட்டு.

தமிழ் பெரும்பாலும் சொல்லின் பின்னாலேயே உறுப்புகளைச் சேர்த்துக்கொண்டு போகும் மொழி. கிரேக்கமோ முன்னாலும் தாராளமாகச் சேர்க்கும். 'டயா' என்பதற்கு அம்மொழியில் 'ஊடாக', 'குறுக்கே' என்பன பொருள். சில வினைகளோடு சேருங்கால் 'பிரிந்து', 'நாலாபுறமும்' என்ற பொருளையும் தரும்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் நன்கறிந்த டயமீற்றரிலிருந்து தொடங்குவோம். 'மெற்றோன்' என்றால் அளவு. குறுக்கே அளப்பது டயமீற்றர். தமிழில் விட்டம் என்கிறோம். வீட்டுக் கூரையைத் தாங்கிக் குறுக்கே கிடக்கும் மரத்துக்கும் விட்டம் என்றே பெயர். வன்னியில் நான் கணிதம் கற்பித்த காலத்தில் இதனை விளக்குவதற்குக் கரும்பலகையே வேண்டியிருக்கவில்லை. 2008ஆம் ஆண்டில் பாடசாலைக் கட்டடத்தை விட்டு வெளியேறி, கிடுகுக் கொட்டிலில் வகுப்பு நடத்தினோம். தலைக்கு மேலே சுட்டிக்காட்டினால் போதும். பனைமரம் ஒன்று ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடுவால் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே வகுப்பறையின் கூரையில் வெள்ளைத் தகடுகள் மாத்திரமே தெரிகின்றன. ஆகவே விட்டத்தைப் படமாக வரைந்து காட்டுகிறேன்.

டயபிற்றீஸ் என்னும் நோய்ப்பெயரும் இக்குடும்பத்ததே. 'ஊடாகச் செல்வது' என்பது அதன் பொருள். குடிக்கும் நீரெல்லாம் உடலில் தங்காது ஊடே ஓடிவிடுவதைக் கண்ட கிரேக்கர், நீரை இறக்கும் வளைகுழாய்க்குரிய பெயரையே நோய்க்கும் வைத்தனர். அரேத்தேயுஸ் என்னும் பண்டை மருத்துவர் இந்நோயை விரிவாக எழுதி வைத்துள்ளார். எமது நீரிழிவு என்ற சொல்லைப் பாருங்கள். இழிதல் என்றால் இறங்குதல், வடிதல். இரு மொழியினரும் ஒன்றையே கண்டு பெயரிட்டிருக்கின்றனர்! வீட்டில் நாம் கூறும் 'சீனி வருத்தம்' சீனியைப் பார்த்து இட்ட பெயர். நீரிழிவு நீரைப் பார்த்து இட்ட பெயர். இழிவு என்பதை இகழ்ச்சி என்று எண்ணித் தன் பாட்டனாருக்காக வருந்திய மாணவன் ஒருவனுக்கு இவ்விளக்கம் பெரும் ஆறுதல் அளித்தது.

டயலொக் என்றால் இருவர் பேசுவது என்று பலர் கருதுகின்றனர். இரண்டைக் குறிக்கும் 'டி' வேறு, 'டயா' வேறு. சொல்லின் ஊடாக நிகழ்வது டயலொக். அதற்கு ஆள் கணக்கு இல்லை. திரைப்படத்தில் கதாநாயகன் தனித்து நின்று முழங்குவதையும் எம்மவர் டயலொக் என்பர். கிரேக்கர் கேட்டால் ஒருவேளை மன்னிப்பர். டயரியும் டயமன்டும் இக்குடும்பத்தில் சேரா. முன்னது நாள் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது; பின்னது 'வெல்லற்கரியது' என்னும் வேறொரு கிரேக்கச் சொல்லின் திரிபு.

இனி, எம்மை நோக்கிப் பலரும் கூறும் டயஸ்போராவுக்கு வருவோம். இதன் பின்பகுதி விதைத்தல், தூவுதல் என்ற வினையிலிருந்து பிறந்தது. உயிரியலில் நீங்கள் படிக்கும் ஸ்போர், அதாவது வித்தி, இதன் உடன்பிறப்பு. யூதரின் திருநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் உபாகமத்தின் 28ஆம் அதிகாரத்தில் இச்சொல்லை ஆண்டனர். அங்கே அது சாபங்களின் வரிசையில் நிற்கிறது: உலகின் அரசுகளெங்கும் சிதறிப்போதல். பின்னாளில் ஆர்மேனியருக்கும் ஆபிரிக்கருக்கும் வழங்கி, இன்று எமக்கும் வழங்குகிறது.

இதைச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி, "அப்படியென்றால் விதைத்தது யார், சேர்?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாயிற்று. விதைப்பவன் நிலத்தை உழுவான், பருவம் பார்ப்பான், முளைக்க வேண்டுமென்று விரும்பித் தூவுவான். 1983இலும் அதன் பின்னரும் ஊரைவிட்டு ஓடியோரை அவ்வாறு எவரும் தூவவில்லை. அச்சொல்லின் அழகை நான் மெச்சுகிறேன். எமக்கு முற்றும் பொருந்துவதென ஏற்க என் மனம் இசையவில்லை. அதையே அவளுக்கும் கூறினேன்.

தமிழிலே எமக்கு இரண்டு சொற்கள் உண்டு. தாய்மண்ணுக்குள்ளேயே ஊர்விட்டு ஊர் போனவர் இடம்பெயர்ந்தோர். கடல் கடந்தவர் புலம்பெயர்ந்தோர். நான் இரண்டுமாக இருந்தவன். பெயர்தல் என்றால் இருந்த இடத்தைவிட்டு நகர்தல். மொழிபெயர்ப்பிலும் இவ்வினையே நிற்கிறது. இச்சொற்களில் விதைத்தவனும் இல்லை, சபித்தவனும் இல்லை. நடந்தவர் மாத்திரமே உள்ளனர்.

புலம்பெயர்தல் அண்மையில் ஆக்கப்பட்ட சொல் என்று எண்ணிவிடாதீர்கள். பட்டினப்பாலையிலேயே புலம்பெயர்ந்த மக்கள் வருகின்றனர். ஆனால் அங்கே அவர்கள் தமிழர் அல்லர். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் கடந்து வந்து, பல மொழி பேசி, ஊராரோடு கலந்து இனிது வாழ்ந்த அயலவர். தம் பிள்ளைகளுக்கு அவர்கள் தம் மொழியை எங்கே, எந்தக் கிழமையில் கற்பித்தார்கள் என்று புலவர் கூறவில்லை.