மூட்டும் முயற்சியும்

நம் உடலில் உள்ள மூட்டுகளுள் மிகப் பெரியது முழங்கால் மூட்டு. மேலிருந்து தொடையெலும்பு இறங்கி வருகிறது. கீழிருந்து கணைக்கால் எலும்பு அதனைத் தாங்குகிறது. முன்புறத்தில் சில்லு ஒரு சிறு கேடயம்போல நிற்கிறது. இடுப்பு மூட்டில் எலும்பின் தலை ஆழ்ந்த குழியில் பொருந்தியிருக்கும். முழங்காலில் அத்தகைய குழி இல்லை. ஓர் எலும்பின்மேல் மற்றோர் எலும்பு நிற்கிறது. அவ்விரண்டும் இடம்பெயராமல் கட்டிக் காப்பன நார்களே. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டும், மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் இரண்டுமாக, அவை நான்கு.

இந்நார்களை ஊரார் 'ஜவ்வு' என்பர். செய்தித்தாள்கள் 'தசைநார்' என்று எழுதும். தசையை எலும்போடு பிணைப்பது ஒன்று. எலும்பை எலும்போடு பிணைப்பது வேறொன்று. முன்னதைத் தசைநாண் என்றும் பின்னதை மூட்டுநார் என்றும் இங்கே பிரித்து வழங்குவேன். இது பண்டிதனின் பிடிவாதம் என்று நீங்கள் நகைக்கலாம். ஆயினும் இவ்வேறுபாடு பின்னர் நமக்குப் பயன்படும்.

இரு சொற்கள் கூடும் இடத்தில் சந்தி பிழைத்தால் பொருளே பிழைத்துவிடும் என்று 35 ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லி வந்தேன். இரண்டு எலும்புகள் கூடும் சந்தி பிழைத்தால் என்ன நேரும் என்பதை 2023 ஆம் ஆண்டில் என் பேத்தியின் வாயிலாக அறிந்தேன்.

அப்போது அவள் 11 ஆம் வகுப்பு மாணவி. பள்ளிக் கபடிக் குழுவில் பாடிச் செல்வதில் பெயர் பெற்றவள். ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் மாலைப் பயிற்சியின்போது எதிர்ப்பக்கத்துக்குப் பாடிச் சென்றவள், பிடிக்க வந்தவளிடமிருந்து தப்புவதற்காகச் சட்டெனத் திரும்பினாள். எவரும் அவளைத் தீண்டவில்லை. ஊன்றிய இடக்கால் மண்ணில் நின்றது. உடல் மட்டும் திரும்பியது. முழங்கால் உட்பக்கமாக மடங்கிற்று. சுள்ளி முறிந்தாற்போல உள்ளே ஓர் ஓசை கேட்டது என்று அவளே பின்னர்க் கூறினாள். இரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் பருத்துவிட்டது.

பிறர் மோதுவதால்தான் இத்தகைய காயம் நேரும் என்று பலர் எண்ணுவர். முன் குறுக்குநார் அறுந்தவருள் பெரும்பாலோர்க்கு அது பிறர் மோதாமலே நேர்கிறது. விரைந்து ஓடி நிற்கும்போதும், குதித்து இறங்கும்போதும், கால் ஊன்றித் திரும்பும்போதும் அந்நார் தாங்கும் எல்லை கடந்துவிடுகிறது. கணைக்கால் எலும்பு முன்னே நழுவாமலும் அளவுக்கு மேல் திருகாமலும் தடுத்து நிற்பது அந்நாரின் தொழில். மருத்துவர்கள் அதனை ஏ.சி.எல். என்று சுருக்கமாகக் குறிப்பர். கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில், ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்காயம் இரண்டு மடங்குக்கும் மேலாக நேர்கிறது. எலும்பின் அமைப்பு, தசையின் வலிமை, குதித்து இறங்கும் முறை எனப் பல காரணங்களை ஆராய்ச்சியாளர் எடுத்துரைக்கின்றனர். ஆண் பிள்ளைகளுக்குச் சிறு வயது முதலே கிடைக்கும் உடற்பயிற்சி பெண் பிள்ளைகளுக்குக் கிடைக்காமையையும் அவற்றோடு சேர்க்கவேண்டும் என்பது என் எண்ணம்.

வீட்டில் அன்றிரவு ஆளுக்கொரு கருத்துக் கூறினர். எண்ணெய் இட்டு உருவிவிட்டால் சரியாகிவிடும் என்றார் அண்டை வீட்டுப் பாட்டி. தசைப்பிடிப்புக்கு எண்ணெய் நல்லது. அதனை நான் இகழேன். ஆனால் அறுந்த நாரை உருவி ஒட்டவைத்தல் இயலாது. புதிதாக வீங்கிய மூட்டைத் திருகினால் தீங்கே மிகும். என் மகனோ, "பெண் பிள்ளைக்கு இத்தனை ஆட்டம் போதும்" என்றான். அவள் மறுமொழி கூறவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். விளையாட்டு ஒதுக்கீட்டின் வழியே கல்லூரியில் சேரவேண்டும் என்பது அவள் நெடுநாளைய விருப்பம். "மருத்துவரிடம் நான் அழைத்துச் செல்கிறேன். முதலில் கால் நலம் பெறட்டும், ஆட்டத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்" என்று கூறி அப்பேச்சை நிறுத்தினேன்.

மருத்துவர் அவள் காலைச் சிறிது மடக்கி, கணைக்காலை முன்னே இழுத்துப் பார்த்தார். தடையின்றி அது முன்னே வந்தது. எம்.ஆர்.ஐ. படமும் நார் முற்றிலும் அறுந்ததை உறுதி செய்தது. உட்பக்கத்து நார் கிழிந்தால் பெரும்பாலும் தானே கூடிவிடும். குறுக்குநாரோ மூட்டுநீர் சூழ்ந்த இடத்தில் இருப்பது. அங்கே குருதி உறைந்து நிலைப்பதில்லை. அறுந்த முனைகள் இரண்டும் மீண்டும் சேர்வது அரிது.

அறுவை எல்லார்க்கும் கட்டாயமன்று. சுவீடன் நாட்டில் 121 பேரைக் கொண்டு நடத்தி 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், காலந்தாழ்த்தாமல் அறுவை செய்துகொண்டோரும், முதலில் பயிற்சி செய்து தேவையானால் மட்டும் அறுவைக்குச் சென்றோரும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ ஒத்த நிலையிலேயே இருந்தனர். ஆயினும், கால் ஊன்றித் திரும்பித் திரும்பி ஆடும் கபடி போன்ற ஆட்டத்துக்கு மீள விரும்புவோர்க்கு அறுவையே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. என் பேத்தியின் எலும்பு வளர்ச்சி நிறைவுற்றிருந்தது. இன்னும் வளரும் சிறுவராயின் எலும்பின் முனையில் உள்ள வளர்தட்டு ஊறுபடாதவாறு அறுவை செய்தல் வேண்டும்.

"நாளைக்கே செய்துவிடலாமா?" என்று கேட்டாள் பேத்தி. "வீக்கம் வற்றவேண்டும், கால் முழுதும் நீளவேண்டும், அதன் பிறகே" என்றார் மருத்துவர். ஐந்து வாரம் சென்றபின், அவள் தொடையின் பின்புறத்துத் தசைநாணில் ஒரு பகுதியை எடுத்து, எலும்புகளில் சிறு துளையிட்டு, அறுந்த நாரின் இடத்தில் பொருத்தினர். தசைநாண் மூட்டுநாரின் வேலையை ஏற்றது! அறுவை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. மீட்சிக்குப் பத்து மாதங்கள் ஆயின. அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி ஊரில் பலர் வினவினர். பத்து மாதத்தைப் பற்றி வினவியவர் மிகச் சிலரே.

மறுநாள் காலையில் இயன்முறை மருத்துவரான ஓர் இளம்பெண் வந்தார். முழங்காலின் கீழ் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, "தொடையை இறுக்கித் துண்டை அழுத்தம்மா" என்றார். பேத்தி பல்லைக் கடித்தாள், நெற்றி வியர்த்தது, தொடை அசையவில்லை. மண்டபம் அதிர ஓடியவளின் தசை, தன் தலைவியின் ஆணையைக் கேளாமல் கிடந்தது. அவள் அஞ்சி அழுதாள். அந்த அம்மையார் காரணத்தை விளக்கினார். மூட்டு வீங்கியிருக்கும்போது, அங்கிருந்து செல்லும் நரம்புச் செய்தி தொடைத்தசையை அடக்கி வைத்துவிடுமாம். தசை செத்துவிடவில்லை, உறங்குகிறது, அதனை எழுப்பவேண்டும். முழங்காலை முற்றும் நீட்டுதல், வீக்கத்தைத் தணித்தல், தொடையின் முன்தசையை எழுப்புதல் ஆகிய இம்மூன்றும்தான் முதல் இரண்டு வாரத்துப் பாடம். நான்காம் நாள் தசை சிறிது துடித்தது. 'அசைந்தது தாத்தா!' என்று அவள் கூவியதைக் கேட்டு அடுக்களையில் இருந்தோரும் ஓடி வந்தனர்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து துணை செய்வோரையும் மருத்துவத்தின் ஒரு கூறாக வைத்துள்ளார். அந்த நான்காம் கூறு எனக்கு வாய்த்தது. காலையும் மாலையும் எண்ணுவதே என் பணி. காலை நீட்டியவாறு உயர்த்துதல், குதிகாலைத் தரையில் தேய்த்து மடக்குதல், ஊன்றுகோலோடு நடத்தல், பின்பு ஓடாத மிதிவண்டியை மிதித்தல் என நாள்கள் சென்றன. பனிக்கட்டி ஒத்தடம் கொடுப்பதும் என் கடமையாயிற்று. சலிப்பூட்டும் வேலைதான்; அதனை மறைக்க நான் விரும்பவில்லை.

முற்காலத்தில் முறை வேறாக இருந்தது. 1970களில் அறுவை முடிந்ததும் காலை மாவுக்கட்டில் இட்டு வாரக்கணக்கில் அசையாமல் வைப்பர். கட்டை அவிழ்த்தால் கால் மெலிந்து, மூட்டு விறைத்திருக்கும். அமெரிக்க நாட்டு இண்டியானாபொலிசு நகர மருத்துவர் டொனால்டு ஷெல்போர்ன் என்பார், தம் கட்டளையை மீறி முன்னதாகவே காலை நீட்டி நடந்தோர், கட்டளையைக் காத்தோரைவிட நன்கு தேறியிருப்பதைக் கண்டார். அவர்களைக் கடிந்து அனுப்பிவிடாமல், அவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டார். பால் நிட்ஸ் என்பவருடன் சேர்ந்து 1990 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பின், தொடக்கத்திலேயே காலை நீட்டுவதும் நடப்பதும் எங்கும் பரவின. கீழ்ப்படியாமையால் விளைந்த நன்மை இது. மாணவர்கள் இதனை மேற்கோள் காட்டி வீட்டுப்பாடம் எழுதாமல் வரலாகாது!

தை பிறந்தது. அறுவை முடிந்து நான்காம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பொங்கல் விழாவில் எங்கள் ஊரில் மகளிர் கபடிப் போட்டி நடைபெறும். குழுவில் ஆள் குறைகிறது என்று தோழியர் வந்து அழைத்தனர்.

"வலியே இல்லை தாத்தா. படி ஏறுகிறேன், மெதுவாக ஓடவும் தொடங்கிவிட்டேன். ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு வருகிறேனே" என்று கெஞ்சினாள்.

வலியின்மை நலத்தின் சான்றன்று என்பதை இவ்விடத்தில் அறிதல் வேண்டும். பொருத்திய தசைநாண் உள்ளே சென்றவுடன் வலுப்பெறுவதில்லை; முதலில் அது நலிகிறது. பின்னர்ப் புதிய குருதிக் குழாய்கள் அதனுள் புகுந்து, மாதங்கள் பல சென்று, சிறிது சிறிதாக அது மூட்டுநாராக மாறுகிறது. வீக்கமும் வலியும் நீங்கி, ஓடலாம் என்று உள்ளம் துள்ளும் காலத்தில் நார் இன்னும் முதிராமலே இருக்கிறது. நார்வே, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வாளர் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒன்பதாம் மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிவைக்குந்தோறும், மீண்டும் காயமுறும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைக் கண்டனர். அதே ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், ஆட்டத்துக்குத் திரும்பிய 25 வயதுக்கு உட்பட்டோருள் ஏறக்குறைய நூற்றுக்கு 23 பேர்க்கு, அதே காலிலோ மற்றக் காலிலோ இரண்டாம் முறை நார் அறுந்தது என்றனர்.

இவ்வெண்களை நான் அவளிடம் சொல்லவில்லை. இயன்முறை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவரும் மறுப்புரை ஏதும் சொல்லாமல் ஒரு நாற்காலியைக் காட்டினார். "ஒற்றைக் காலால் எழுந்து உட்கார், எத்தனை முறை முடியுமோ அத்தனை" என்றார். வலக்காலால் 22 முறை எழுந்தாள். இடக்காலால் ஒன்பதாம் முறை நடுங்கி அமர்ந்துவிட்டாள். "நல்ல கால் செய்வதில் நூற்றுக்கு 90 பங்கேனும் இந்தக் கால் செய்யட்டும், அன்றைக்கு நானே உன்னைத் திடலில் விடுகிறேன்" என்றார் அவர். பேத்தி சிறிது நேரம் அந்நாற்காலியையே பார்த்திருந்தாள். பொங்கலன்று கோட்டுக்கு வெளியே அமர்ந்து புள்ளிகளைக் குறித்தாள். அவள் குழு தோற்றது. அவ்விரவு அவள் உண்ணவில்லை. மறுநாள் விடியலில் என்னை அவளே எழுப்பி, எண்ணச் சொன்னாள்.

அதன் பின் வந்த மாதங்களை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. எடை தூக்கினாள், இரு காலால் குதித்தாள், பின்பு ஒரு காலால் குதித்தாள். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சாயாமல் பாதத்துக்கு நேராக மடங்கவேண்டும் என்பதை அம்மையார் நூறு முறை திருத்தினார். 2024 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் ஒற்றைக் காலில் தாவும் தேர்வில் இடக்கால் வலக்காலின் அளவில் நூற்றுக்கு 94 பங்கை எட்டிற்று.

ஆனால் காலுக்கு வந்த துணிவு நெஞ்சுக்கு வரவில்லை. பாடிச் சென்றவள், இடக்காலை ஊன்றித் திரும்பவேண்டிய இடத்தில் நின்றுவிடுவாள். அச்சமும் காயத்தின் ஒரு பகுதியே. அறுவை செய்துகொண்டோருள் ஏறக்குறைய நூற்றுக்கு 55 பேரே போட்டி ஆட்டத்துக்கு மீள்கின்றனர் என்று 2014 ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று கூறுகிறது; மீளாமைக்கு அச்சமும் ஒரு காரணம். அம்மையார் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் எதிரே ஆள் இல்லாமல், பிறகு ஒருத்தி, பிறகு இருவர், பிறகு எழுவர் எனக் கூட்டிக்கொண்டே போனார்.

ஆகஸ்டு மாதத்தில் நடந்த பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் அவள் மீண்டும் ஆடினாள். முதல் முறை பாடிச் சென்றபோதே பிடிபட்டாள். நால்வர் அவள்மேல் விழுந்தனர். பார்வையாளருள் நின்ற என் மகன் கோட்டை நோக்கி இரண்டு அடி ஓடி நின்றான். அவளோ மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, சிரித்தவாறே வெளியே வந்து அமர்ந்தாள். அடுத்த முறை இடக்காலை ஊன்றித் திரும்பி இரண்டு புள்ளிகள் கொண்டுவந்தாள். "நாளைக்கும் ஆட்டம் உண்டா?" என்று என் மகன் என்னைக் கேட்டான். உண்டு என்றேன்.

இத்தகைய காயத்தைப் பெருமளவு தடுக்கவும் இயலும். ஆட்டத்துக்கு முன் 15 அல்லது 20 நிமிடம் குதித்து இறங்குதல், ஒற்றைக் காலில் நிலைத்தல், தொடைத்தசைக்கு வலிமையூட்டுதல் ஆகிய பயிற்சிகளைத் தவறாது செய்யும் குழுக்களில் முழங்கால் காயம் வெகுவாகக் குறைகிறது. நார்வே நாட்டில் பந்தாடும் சிறுமியரிடையே இது நன்கு ஆராயப்பட்டுள்ளது. இதற்குக் கருவியும் வேண்டா, பொருளும் வேண்டா. கல்லூரிக்குச் செல்லுமுன் என் பேத்தி தன் பள்ளியின் இளைய குழுவினர்க்கு இப்பயிற்சியைக் கற்பித்தாள். ஆட்டத்தைத் தொடங்காமல் இதென்ன தொல்லை என்று அச்சிறுமியர் முணுமுணுத்தனராம். விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் இன்றும் அவள் கூடத்து நாற்காலியில் ஒற்றைக் காலால் எழுந்து அமர்கிறாள். இடக்காலுக்கு எத்தனையோ வலக்காலுக்கும் அத்தனை. எண்ணுகிற வேலை இன்னும் என்னிடமே இருக்கிறது.