முதுமைக்குரிய ஊழியம்

இக்கல்லூரியை விட்டு நீங்கி, எமதூர்ச் சபையின் ஓய்வுநாட் பாடசாலையில் உபாத்தியாயராக அமர்ந்தபொழுது எமக்கு வயது 24. அப்பணியை 41 ஆண்டு செய்தோம். அதனைச் செய்த வரலாற்றினும், அதனை விட்ட வரலாறே மாணாக்கராகிய உங்கட்குப் பயன்படுமெனக் கருதி, இவ்வாண்டு மலர்க்கு அதனை எழுதத் துணிந்தோம்.

ஒரு ஞாயிறன்று வேதபாடம் வாசிக்கையில் எம் கண் ஒரு வரியைத் தாண்டிவிட்டது. பொருள் மாறுபடவே, பிள்ளைகள் நகைத்தனர். அருகில் நின்ற இளைய உபாத்தியாயர் விட்ட வரியை மெல்ல எடுத்துக் கூறினார். அவரும் ஒரு காலத்தில் எம்முன் பாயில் அமர்ந்து பாடங்கேட்டவரே. அன்று மாலை அவர் எம் இல்லத்துக்கு வந்து, "ஐயா, இனி வாசிப்பை நான் பார்த்துக்கொள்ளட்டுமா? தாங்கள் பக்கத்தில் இருந்தாற் போதும்" என்றார். அவர் சொல்லிற் பணிவேயன்றிப் பிழையொன்றுமில்லை. ஆயினும் எம் உள்ளம் கொதித்தது. "தம்பி, எல்லாவற்றையும் நீரே பார்த்துக்கொள்ளும்" என்று பாடசாலைத் திறவுகோலை அவர் கையிற் கொடுத்துவிட்டு, அடுத்த மூன்று ஞாயிறும் அப்பக்கம் தலைகாட்டாதிருந்தோம். யாம் கொடுத்தது திறவுகோலை மாத்திரமே, மனத்தையன்று.

நிற்க. ஊழியத்தில் முதிர்ந்தோர்க்கு இருவகை இடறல் உண்டென்பதை அந்நாட்களிற் கண்டோம். ஒன்று, கை தளர்ந்த பின்னும் பிடிவிடாமை. மற்றொன்று, பிடிவிட்டவுடன் சினந்து அகன்றுபோதல். இரண்டிற்கும் வேர் ஒன்றே. அஃதாவது, ஊழியத்தை எமக்குரிய உடைமையென எண்ணுதல். எண்ணாகமம் 8-ஆம் அதிகாரத்தை யாம் பன்முறை கற்பித்திருந்தும், அதன் பொருள் அப்பொழுதுதான் எம்மைத் தைத்தது. லேவியர் 25 வயதில் ஆசரிப்புக் கூடாரத்துப் பணியிற் புகுந்து, 50 வயதில் அதனின்று ஓயவேண்டும். ஆயினும் தம் சகோதரரோடிருந்து காவல் காக்கவேண்டும் என்பது அங்குள்ள விதி. சுமையை இறக்கிய அவ்விதி, உடனிருக்கும் உரிமையைப் பறிக்கவில்லை.

திருநெல்வேலிச் சீமையார் அறிந்த சான்றொன்றும் உண்டு. டோனாவூரிற் பிள்ளைகளைப் பேணும் பணியை 1901-இல் தொடங்கிய ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931-இல் தமது 63 வயதிற் குழியொன்றில் தவறி விழுந்து காலொடிந்தார். 1951-இல் உயிர் நீக்குமளவும் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே கிடந்தார். புறப்பணிகளை ஏனையோர் நடத்த, அம்மையாரோ அவர்கட்குக் கடிதம் எழுதியும், அவர்க்காக மன்றாடியும் உடனிருந்தார். நூல்கள் பலவற்றை எழுதியதும் அவ்வறையிலிருந்தே. நோயின்றி நடமாடும் யாம் மூன்று ஞாயிறு முகம்வாடி வீட்டிலிருந்தது எமக்கே நாணமாயிற்று.

நான்காம் ஞாயிறு சென்று கடைசி வரிசையில் அமர்ந்தோம். அவ்விளைஞர் வருகைப் பதிவேட்டை விரித்து, ஐந்து வாரமாய் வராத ஒரு சிறுவன் பெயரை நீக்கலாமா என்று ஐயுற்று நின்றார். எம்மைக் கண்டதும் மகிழ்ந்து வினவினார். அச்சிறுவனின் பாட்டனும் தந்தையும் எம்மிடம் கற்றவர்கள். பனையேறும் பருவம் வந்தால் அக்குடும்பத்தார் வீட்டைப் பூட்டிக்கொண்டு பனைவிளையிலுள்ள விடிலிக்குப் போய்த் தங்கி, பருவம் முடிந்தே திரும்புவர். "தம்பி, பெயரை அடிக்கவேண்டா, பையன் வருவான்" என்றோம்.

மறுநாள் இருவரும் அவ்விளைக்கு நடந்தோம். பதநீர் காய்ச்சும் அடுப்பருகே அமர்ந்து அவர் அச்சிறுவனுக்கு விடுபட்ட பாடங்களைச் சொன்னார். யாம் பக்கத்திலிருந்து கேட்டோம். எம்மினும் நன்றாகவே சொன்னார். அதனை மனமார ஒப்புக்கொண்டது அன்றுதான். பருவம் முடிந்தபின் பையனும் வந்தான்.

மாணாக்கர்காள், இளமைக்குத் தெளிந்த கண்ணும் தளராத காலும் உண்டு. ஓரூரில் நெடுங்காலம் இருந்தோர்க்கு வீடுகளைப்பற்றிய நினைவு உண்டு. ஒன்றையொன்று தேடுமாயின் சபை தழைக்கும். நும் ஊர்களிற் பொறுப்பேற்குங்கால், முன்னிருந்தவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். எமக்கு அவ்வாறு சொன்ன ஒருவர் வாய்த்தார். எம்போலும் முதியோர்க்குச் சொல்லத்தக்கது ஒன்றே: திறவுகோலைக் கொடுக்கும்பொழுது மனத்தையும் உடன் கொடுத்துவிடுங்கள்.