டால்டா டின்களும் ஒரு வளைவும்



போன வாரம் பேரன் கைப்பேசியில் கார் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். "இந்த மாதிரி பாதை எல்லாம் நான் போட்டிருக்கேன்டா" என்றேன். "தாத்தா, நீங்க ஆபீஸ்ல கிளார்க்குதானே?" என்று சிரித்தான்.

உண்மைதான். 1970களின் கடைசியில் என்னிடம் இருந்தது சைக்கிள் மட்டும். ஆனால் நண்பர்களிடம் இரண்டு பியட், ஒரு ஹெரால்டு, ஒரு அம்பாசிடர். சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவர்களுக்கு அதே பைத்தியம். ஊருக்கு வெளியே ஒரு செம்மண் திடலில் ஞாயிறுதோறும் ஓட்டினார்கள். ஒருவர் முடித்தபின் அடுத்தவர், போட்டி கடிகாரத்தோடுதான். ஆட்டோகிராஸ் என்றார்கள். பிரெஞ்சில் படித்த எனக்கு அது குழப்பம். பிரான்சில் அந்தச் சொல்லுக்குப் பல கார்கள் மண் தடத்தில் ஒன்றாக ஓடுவது என்று பொருள். அடையாளங்களுக்கு நடுவே தனியாக வளைந்து ஓட்டுவதை அங்கே 'ஸ்லாலோம்' என்பார்கள்.

கணக்கு வரும், கையெழுத்து அழகு என்று பாதை வரையும் வேலை என் தலையில் விழுந்தது. சுண்ணாம்பு அடித்த காலி டால்டா டின்கள்தான் அடையாளம். டின்களை நெருக்கி வைத்தால் கார் திணறும். தள்ளி வைத்தால் வேகம் கூடும். ஸ்டியரிங் பக்கத்தில் கியர் இருந்த பியட், அம்பாசிடர் கார்களில் கியர் மாற்றவே நேரம் போகும். அதனால் இரண்டாவது கியரிலேயே ஓடும்படி வளைவுகளைக் கோத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது.

ஒரு ஞாயிறு, "இன்னும் வேகம் வேணும்" என்றார்கள். கடைசி வளைவை எடுத்துவிட்டு, முடிவுக்கோட்டை நேர்ப்பாதையின் கோடியில் போட்டேன். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். லிசேயில் படித்த பாடம்தான். அன்று நினைவுக்கு வரவில்லை.

பியட் கோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை. புழுதி கிளப்பிச் சறுக்கிக்கொண்டே போய் முள்வேலியில் முட்டி நின்றது. டின் பொறுக்கும் வேலைக்கு வந்திருந்த நண்பரின் பத்து வயதுப் பையன் அந்த வேலியோரம்தான் நின்றிருந்தான். சற்றுமுன் உருண்டு போன ஒரு டின்னை எடுக்க நகர்ந்திருந்தான். அவ்வளவுதான்.

ஓட்டியவர் பிரேக்கைத் திட்டினார். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு முடிவுக்கோட்டுக்கு முன்னால் ஒரு இறுக்கமான வளைவு வைத்தேன். கோட்டுக்கு அப்பால் ஆள் நிற்கக்கூடாது என்றும் சொன்னேன். "பாதை மெதுவாயிடுச்சேப்பா" என்று முணுமுணுத்தார்கள். நான் மாற்றவில்லை.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கடற்கரைச் சாலையில் நடக்கும்போது, "மாமா, சௌக்கியமா?" என்று கேட்பான். சௌக்கியம் என்பேன். அந்தக் கோட்டை வரைந்தவன் நான் என்று இதுவரை அவனிடம் சொன்னதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.