புயலில் உதிர்ந்த சீமைப்பலா

பசிபிக் பெருங்கடலில், மைக்ரோனேசியா நாட்டின் யாப் மாநிலத்தில், சதவால் என்று ஒரு குட்டித் தீவு. காலையில் கிளம்பி நிதானமாக நடந்தால், மதியச் சமையலுக்கு உலை வைப்பதற்குள் தீவையே சுற்றி வந்துவிடலாம்! மக்கள் சில நூறு பேர்தான்.

கரையோரம் கீற்று வேய்ந்த பெரிய கொட்டகை ஒன்று தெரிகிறதே, அதுதான் படகு வீடு. ஊரே கூடிக் கட்டுவது. சீமைப்பலா மரத்தைக் குடைந்து, மேலே பலகை வைத்து, ஆணியே இல்லாமல் தேங்காய் நார்க் கயிற்றால் இழுத்துக் கட்டிப் படகு செய்வார்கள். (நம்ம கட்டுமரமும் கட்டின மரம்தானே!) கொட்டகை ஆண்கள் கூடும் இடம். சேம்புத் தோட்டம் பெண்கள் பொறுப்பு. அந்த நாளில் தாழை ஓலையில் படகுக்குப் பாய் முடைந்ததும் அவர்கள்தான்.

படகு வீடே பள்ளிக்கூடமும்கூட. கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் பாயில் வட்டமாகக் கற்களை அடுக்கி, எந்த நட்சத்திரம் எங்கே உதிக்கும், எங்கே மறையும் என்று சொல்லித் தருவார்கள். எழுத்தில் ஒன்றும் கிடையாது, எல்லாம் மனப்பாடம்.

இங்கே 1932-ல் பிறந்தவர் மாவு பியாலுக். கைக்குழந்தையிலேயே தாத்தா அவரைக் கடலோரக் குட்டையில் விட்டு அலையின் அசைவைப் பழக்கினாராம். 1976-ல் 'ஹோக்குலேயா' என்ற படகை ஹவாயிலிருந்து தாகித்திக்கு, சுமார் 4,000 கிலோமீட்டர், திசைகாட்டியோ வரைபடமோ இல்லாமல் நடத்திச் சென்றார். ஹவாயில் அந்த வித்தை தெரிந்தவர் அப்போது ஒருவர்கூட மிச்சமில்லை.

குடும்பத்துக்குள் காத்த ரகசியத்தை அந்நியருக்குக் கொடுக்கலாமா என்று சொந்த ஊரிலேயே அவரைக் குறை சொன்னார்கள். ஆனால் ஊர்ப் பிள்ளைகளுக்கோ படிக்க ஆர்வமில்லை. தன்னோடு மண்ணாகிப் போவதைவிடக் கேட்டவர்களுக்குக் கொடுப்பதே மேல் என்று அவர் துணிந்தார்.

கொடுத்தது வீண் போகவில்லை. 2007-ல் ஹவாய்க்காரர்கள் ஒரு படகு கட்டி, சதவாலுக்கே ஓட்டி வந்து குருதட்சிணையாகத் தந்தார்கள். அதன் பெயரில் உள்ள 'மைசு' என்பது புயலில் உதிர்ந்த சீமைப்பலா. மரம் யாருடையதானாலும், உதிர்ந்த காயை யாரும் எடுத்துச் சாப்பிடலாம். அந்த வருஷமே ஹவாய்க்காரர் ஐவருக்கும், தம் பக்கத்தவர் பதினொருவருக்கும் அவர் மாலுமிப் பட்டம் கட்டினார். 2010-ல் காலமானார்.

2021-ல் யுனெஸ்கோ இக்கலையை உடனே காப்பாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. பாட்டியின் கைமருந்தையும் ஊறுகாய்ப் பக்குவத்தையும் நாம் யாரிடம் கேட்டு வைத்திருக்கிறோம், சொல்லுங்கள்!