தாயோடு பொருநை வழியே

வயது முதிர்ந்த பெற்றோரைப் பிரயாணம் அழைத்துச் செல்வதென்றால் காசியையும் ராமேசுவரத்தையும் நினைப்பதே நம்மவர் வழக்கம். ஆனால் முழங்கால் வலியும் மூச்சிரைப்பும் வந்து சேர்ந்துவிட்ட விருத்தாப்பியத்தில், நெடுந்தூரத்து க்ஷேத்திரங்களைக் காட்டிலும், தாம் பிறந்து வளர்ந்து வாழ்ந்த நாட்டையே தலைமுதல் கடைவரை ஒருமுறை ஆற அமரப் பார்க்கும் பிரயாணமே அவர்களுக்கு உகந்தது என்பது என் அபிப்பிராயம். திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்கு அந்தச் சௌகரியத்தைப் பொருநை என்னும் தாமிரவருணி தாராளமாகவே தருகிறது. பொதிகையில் உற்பத்தியாகிச் சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே கடலில் கலக்கும் ஜீவநதி அது. கரையோரமாகவே பெரும்பாலும் சாலை செல்வதால், மோட்டாரில் நிதானமாகப் போனாலும் ஒரு பகற்பொழுதில் அதன் போக்கைத் தொடர்ந்துவிடலாம்.

என் தாயார் எண்பதைக் கடந்தவர். நதியின் மேற்பாகத்தில், கன்னடியன் கால்வாய் பாயும் வீரவநல்லூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, கீழ்ப்பாகத்தில், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பாசனத்து ஊரொன்றில் வாழ்க்கைப்பட்டவர். பிறந்தகத்துக்கும் புக்ககத்துக்கும் இடைப்பட்ட வழியைக் கைக்குழந்தைகளோடும் சீர்ப்பாத்திரங்களோடும் பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்திருந்தும், நடுவழியில் இறங்கி நின்று எதையும் பார்த்தவரல்லர். நதி சமுத்திரத்தில் சேரும் இடத்தை அவர் கண்டதே இல்லை.

பிசான நெற்பயிர் கதிர் முற்றி நிற்கும் தை மாதத்தில் புறப்பட்டோம். நதியின் மூலமாகிய பூங்குளம் அடர்ந்த காட்டுக்குள் நடந்தே போகவேண்டிய இடமாதலால், அதை மனத்தால் வணங்கிவிட்டுப் பாபநாசத்தில் தொடங்கினோம். மலையை விட்டுச் சமவெளியில் நதி கால்வைக்கும் அந்த இடத்தில், பாபநாசநாதர் சந்நிதிக்கு எதிரே, படித்துறையின் மேற்படியில் நாற்காலி போட்டு அம்மாவை உட்காரவைத்து, ஒரு செம்பில் நீர் முகந்து வந்து பாதத்தில் வார்த்தபோது, “குத்தாலத்துத் தண்ணிய விட இது குளுச்சி கூட” என்று சொல்லி, மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டார். முழுக்கு ஸ்நானத்துக்கு இணையான திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி என்று சாலை கிழக்கே இறங்கும்போது, வாய்க்கால்களின் கதை தொடங்கிவிடுகிறது. தாமிரவருணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். அவற்றுள் ஏழு, ஆங்கிலேயர் வருவதற்கு முன்னரே நம் முன்னோர் கட்டியவை. கன்னடியன் அணைக்கட்டு அந்த ஏழில் ஒன்று. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் தமக்குக் கிடைத்த திரவியத்தையெல்லாம் தர்மத்தில் செலவிட விரும்பியபோது, ஒரு பசுவைப் பின்தொடரும்படி அகத்தியர் சொன்னதாகவும், அது நடந்த தடத்தில் கால்வாயும் படுத்த இடத்தில் குளமும் வெட்டப்பட்டதாகவும் அப்பக்கத்தார் சொல்லுவர். வீரவநல்லூரை நெருங்குகையில் அம்மா என் தோளைத் தொட்டு, “ஏய்யா, வண்டிய இங்கன கொஞ்சம் நிப்பாட்டு” என்றார். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத ஒரு மடைதான் அது. ஆயினும், எந்த மாதத்தில் எந்த வயலுக்கு முதல் தண்ணீர், மடைதிறந்த அன்று யார் பொங்கலிட்டார்கள், எந்தக் கோடையில் குளம் வற்றிப் பிள்ளைகள் மீன் அள்ளினார்கள் என்பதையெல்லாம், நேற்றைய உணவை மறந்துபோகும் அந்த ஞாபகம் ஒன்றுவிடாமல் எடுத்துரைத்தது. வண்டியில் ஏறியது முதல், அவருக்கு நான் வழிகாட்டுவதாக எண்ணியிருந்தேன். அந்த மடைக்குப் பின்னர் அவர் சொன்ன இடங்களில் நிறுத்துவது ஒன்றே என் காரியமாயிற்று.

சேரன்மகாதேவியைத் தாண்டிப் பத்தமடை. ஆற்றோரத்துக் கோரையை மெல்லிய இழைகளாகக் கிழித்து, மணமக்கள் பெயரையே பாயில் தோன்றச் செய்யும் பட்டுப்பாய்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக நெய்யப்பட்டு வருகின்றன. திருநெல்வேலியில் நதியின் நடுவே நிற்கும் குறுக்குத்துறை முருகனைக் கரையிலிருந்தபடியே தரிசித்தோம். வெள்ளம் வருமுன் உற்சவ மூர்த்தியைக் கரையேற்றுவதும், வெள்ளம் வடிந்தபின் திரும்ப எழுந்தருளச் செய்வதும் அக்கோயிலின் நியமம். பாளையங்கோட்டைக்குப் போக, சுலோசன முதலியார் தம் சொந்தச் செல்வத்தால் 1843இல் கட்டுவித்த பாலம் இருக்கிறது. ஆற்றைக் கடக்க மக்கள் படகுக்குக் காத்துத் தவித்ததைச் சகியாத ஒரு மனிதரின் கொடை அது.

திருச்செந்தூர்ச் சாலையில், ஸ்ரீவைகுண்டத்துக்குச் சற்று முன்னால் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு வருகிறது. 1876இல் ஜெர்மானியரான யாகோரும், பின்னர் அலெக்சாந்தர் ரேயும் தோண்டிய அந்த மேட்டில், இரும்பும் வெண்கலமும் பொன் நெற்றிப்பட்டங்களும் தாழிகளோடு கிடைத்தன. அறிஞர்களுக்கு அவை இறந்தோரை அடக்கம் செய்த ஈமத்தாழிகள். ஊர்ஜனங்களின் கதையோ வேறு. வண்டியில் இருந்தபடியே மேட்டைப் பார்த்து அம்மா சொன்னார்: “உசிரு போகாம சுருங்கிப்போன கெழடுகள, சோறுந் தண்ணியும் வச்சுத் தாழிக்குள்ள எறக்கிருவாங்கன்னு எங்க ஆச்சி சொல்லுவா.”

அந்தக் கதை சரித்திரமன்று என்பதை நான் அறிவேன். ஆயினும் அதைக் கேட்ட மாத்திரத்தில் என் நெஞ்சு கனத்தது. மூன்று வேளை ஆகாரமும், வேளை தவறாத மருந்தும், எதிரே ஒரு தொலைக்காட்சியும் கொடுத்து, ஓர் அறைக்குள் முதியோரை இருக்கச் செய்துவிட்டு, நம் கடமை நிறைவேறியதாகக் கருதும் இக்காலத்து இல்லங்கள் எத்தனை! அவர்களுக்குக் குறை ஒன்றும் வைக்கவில்லை என்கிறோம். அவர்களிடம் ஒன்றைக் கேட்டறியவேண்டும் என்ற எண்ணம் நமக்கு இல்லாமற்போனதே பெருங்குறை என்பதை உணர்வதில்லை.

ஸ்ரீவைகுண்டம் எட்டாவது அணைக்கட்டு, ஆங்கிலேயர் காலத்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்தச் சுற்றுவட்டாரம் முழுதும் தண்ணீரில் மிதந்தது. நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, நவகைலாயங்களில் கடைசியான சேர்ந்தபூமங்கலம் என்று தொடர்ந்து, வாழைத்தோட்டங்களுக்கு ஊடே போனால் புன்னைக்காயல். பாண்டியரின் முத்துத் துறைமுகமாகிய கொற்கை இன்று கடலைக் காணாத உள்நாட்டுக் கிராமம்; நதி கொண்டுவந்த வண்டல் கரையைக் கிழக்கே தள்ளத் தள்ள, துறைமுகம் பழையகாயலுக்கும் பின்னர் புன்னைக்காயலுக்கும் நகர்ந்தது. படகுகளுக்கு அப்பால் நன்னீர் உப்புநீரில் கலப்பதை அம்மா வெகுநேரம் பார்த்தார். “நம்ம வாய்க்காத் தண்ணியும் இதுக்குள்ளதான இருக்கும்?” என்று கேட்டார். ஆம் என்றேன்.

வாசகர்களுக்கு நான் விண்ணப்பித்துக்கொள்வது இதுதான். உங்கள் நதி காவிரியாக இருக்கலாம், வைகையாக இருக்கலாம், பெயரில்லாத ஓர் ஓடையாகவும் இருக்கலாம். பெற்றோரின் கால்களில் வண்டி ஏறும் வலுவும் நாவில் கதை சொல்லும் தெம்பும் இருக்கும்போதே அழைத்துச் செல்லுங்கள். முன் ஆசனத்தில் அமர்த்துங்கள். அவர்கள் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துங்கள். சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். அடுத்த வருஷத்துக்கென்று இதை ஒத்திவைக்காதீர்கள்.